தீவு நிலமான பின்: நாகசாகியின் தெஜிமா வணிகத் தளமும் கடல்சார் மரபு அருங்காட்சியகத்தின் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் 1636இல் கட்டிமுடிக்கப்பட்ட தெஜிமா என்னும் செயற்கைத் தீவு, 1641 முதல் 1859 வரை ஒல்லாந்தரின் வணிக இருப்பிடமாக விளங்கியது. கடல் தூர்க்கப்பட்டதால் 1904இல் அது நகர நிலத்தின் ஒரு பகுதியாயிற்று. பின்னர் அகழாய்வு, ஓவியம், ஆவணம், பழைய மாதிரியுரு ஆகியவற்றின் துணைகொண்டு அதன் கட்டடங்கள் படிப்படியாக மீட்டெழுப்பப்பட்டுத் திறந்தவெளி அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளன. இக்கட்டுரை அம்மீட்டுருவாக்கத்தின் முறையியலை விளக்குகிறது; அதன் வழியாக ஒரு தீவு வணிகத் தளத்தை அருங்காட்சியகமாக்கும்போது எழும் சிக்கல்களை ஆராய்கிறது. தளம் தரும் சான்று அதன் நீர்வாயிலோடு முடிந்துவிடுகிறது. பண்டங்களின் வரலாறோ அங்கு முடிவதில்லை. தெஜிமாவின் செம்பும் துணியும் சோழமண்டலக் கரையோடு பிணைந்தவை. ஆதலின் அவ்வரலாற்றின் மறுமுனையை எழுதும் பொறுப்பு தமிழக ஆய்வாளரையும் சாரும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: தெஜிமா, நாகசாகி, கடல்சார் மரபு, மீட்டுருவாக்கம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சோழமண்டலக் கரை, பழவேற்காடு.

முன்னுரை

கடல் வணிக வரலாற்றில் தீவுகளுக்குத் தனி இடம் உண்டு. அயலவரைத் தம் எல்லைக்குள் முழுமையாக அனுமதிக்க விரும்பாத அரசுகளும், புதிய நிலத்தில் பாதுகாப்பு நாடிய வணிகரும் தீவுகளையே பெரிதும் விரும்பினர். சூழ்ந்த நீர் காவலாகவும் அமைந்தது; வழியாகவும் அமைந்தது. இத்தகைய இடங்கள் பல இன்று அருங்காட்சியகங்களாக மாறிவருகின்றன. அவ்வாறு மாறும்போது சுவர், கூரை, பண்டம் ஆகியவை எளிதில் காட்சிக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அவ்விடத்துக்குப் பொருள் தந்த கடலைக் காட்டுவது அத்துணை எளிதன்று.

இச்சிக்கலை ஆராய்வதற்குத் தெஜிமா மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். அது மனிதர் ஆக்கிய தீவு. மனிதராலேயே தீவுத்தன்மை இழந்தது. இப்போது மீண்டும் மனிதராலேயே தீவாக மீட்கப்பட்டு வருகிறது. இம்மூன்று நிலைகளும் ஆவணச் சான்றுடன் அறியக் கிடைப்பதால், மரபுப் பாதுகாப்பின் கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க அது நல்ல களமாகிறது. மேலும், பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் ஆண்ட அதே கம்பெனியின் கிளையாகத் தெஜிமா இயங்கியது என்பது தமிழாய்வுலகம் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

1. தீவின் தோற்றமும் அமைப்பும்

நாகசாகித் துறைமுகம் 1571இல் போர்த்துக்கீசிய வணிகத்துக்குத் திறக்கப்பட்டது. கிறித்தவ சமயப் பரவலை அஞ்சிய தொக்குகாவா அரசு, நகரில் கலந்து வாழ்ந்த போர்த்துக்கீசியரைத் தனியிடத்தில் ஒதுக்க முடிவு செய்தது. அதன் ஆணைப்படி, நாகசாகியின் செல்வ வணிகர் 25 பேரின் பொருட்செலவில், 1634 முதல் 1636 வரை கடலுள் ஒரு தீவு எழுப்பப்பட்டது. விரித்த விசிறியின் வடிவுடைய அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 1.5 எக்டேர். ‘முன் நீண்ட தீவு’ என்னும் பொருளில் அது தெஜிமா எனப்பட்டது. சிறிய பாலம் ஒன்று அதனை நகரோடு இணைத்தது.

1637–38இல் நிகழ்ந்த சிமாபாராக் கிளர்ச்சிக்குப் பின், 1639இல் போர்த்துக்கீசியர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். வெறுமையாகிய தீவுக்கு, 1609 முதல் ஹிராடோத் தீவில் வணிகம் செய்துவந்த ஒல்லாந்தர் 1641இல் மாற்றப்பட்டனர். ஹிராடோவில் அவர்கள் 1639இல் எழுப்பிய கற்பண்டகசாலையின் முகப்பில் கிறித்தவ ஆண்டு பொறிக்கப்பட்டிருந்ததைக் காரணமாகக் காட்டி, அதனை இடிக்குமாறு அரசு ஆணையிட்டது. அக்கட்டடம் இன்று மீட்டெழுப்பப்பட்டு, 2011 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. தெஜிமாவின் முன்வரலாற்றை அறிய விழைவோர் ஹிராடோவையும் இணைத்தே நோக்க வேண்டும்.

தெஜிமாவில் கம்பெனி உரிமையாளராக அன்றிக் குடிக்கூலியாளராகவே இருந்தது. நில உரிமையாளராகிய நாகசாகி வணிகர்களுக்கு ஆண்டுதோறும் 55 கான் வெள்ளி, அதாவது ஏறத்தாழ 206 கிலோ கிராம், வாடகையாகச் செலுத்தியது. ஏனைய ஆசியத் துறைகளில் கோட்டையும் பீரங்கியும் கொண்டு நிலைபெற்ற கம்பெனி, இங்கு அரசின் காவலுக்குள் அடங்கி வாழ்ந்தது. பாலத்தைக் கடக்க இசைவு வேண்டும். தலைமை வணிகர் அரசின் ஆணைப்படி ஆண்டுதோறும் மாற்றப்பட்டார். அவர் எதோ நகருக்குச் சென்று ஷோகனுக்கு வணக்கம் செலுத்துதல் கடமையாயிருந்தது. 1790க்குப் பின் இப்பயணம் நான்காண்டுக்கு ஒருமுறை என மாற்றப்பட்டது. ஜப்பானியர் இத்தலைவரைக் ‘கபிதான்’ என்று அழைத்தனர். தமிழில் வழங்கும் ‘கப்பித்தான்’ என்னும் சொல்லும் இதுவும் போர்த்துக்கீசிய மொழி வேரிலிருந்து கிளைத்தவை.

கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைகொண்டு பத்தாவியாவிலிருந்து கோடையில் வந்து சேர்ந்தன. இலையுதிர் பருவத்தில் திரும்பின. அவை விரிகுடாவில் நங்கூரமிட, சரக்கு படகுகளில் ஏற்றப்பட்டுத் தீவின் மேற்கு முனையிலுள்ள நீர்வாயிலை அடைந்தது. அவ்வாயிலில் இறக்குமதிக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக இரண்டு வழிகள் இருந்தன. தீவின் வணிக வாழ்வு முழுவதும் இந்நீர்வாயிலைச் சார்ந்தே இயங்கியது.

2. தீவு மறைந்த வரலாறு

ஜப்பானியத் துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டதும் தெஜிமாவின் தனிநிலை முடிவுற்றது. 1866இல் அது வெளிநாட்டார் குடியிருப்பின் பகுதியாக இணைக்கப்பட்டது. அதன்பின் தீவின் உருவமும் மாறலாயிற்று. 1880களில் நகாஷிமா ஆற்றின் போக்கைத் திருத்தி அகலப்படுத்தியபோது தீவின் வடகரை வெட்டி நீக்கப்பட்டது. 1897 முதல் 1904 வரை நடைபெற்ற துறைமுக மேம்பாட்டுப் பணியில் சுற்றியிருந்த கடல் தூர்க்கப்பட்டது. இவ்வாறு ஒரு பக்கம் ஆறு அரித்தெடுக்க, ஏனைய பக்கங்களை நிலம் சூழ்ந்துகொள்ள, தெஜிமா தீவாக இல்லாது போயிற்று.

தீவை அழித்தது போரோ பேரிடரோ அன்று. துறைமுக நகரின் இயல்பான வளர்ச்சியே அதனை அழித்தது. பெரிய கப்பல்களுக்கு ஆழமான துறையும் அகன்ற கரையும் தேவைப்பட்டன. வணிகத்தால் பிறந்த தீவு, மேலும் பெருகிய வணிகத்தாலேயே மறைந்தது. கடற்கரை மரபிடங்கள் பலவற்றின் அழிவை விளக்கும் பொதுக் காரணம் இது. ஆதலின், ‘வளர்ச்சி’யையும் ‘மரபை’யும் எதிரெதிராக நிறுத்துவதைக் காட்டிலும், இவ்விரண்டும் ஒரே நீர்விளிம்பை நாடுகின்றன என்று உணர்வதே பயன்தரும்.

1922இல் தெஜிமா தேசிய வரலாற்றுத் தளமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்நிலத்தில் தனியார் கட்டடங்கள் நிறைந்திருந்தன. நாகசாகி நகராட்சி 1951இல் மீட்புப் பணியைத் தொடங்கி, நிலத்தைச் சிறிது சிறிதாக வாங்கியது. அரை நூற்றாண்டு முயற்சிக்குப் பின் 2001இல் நிலம் முழுமையும் பொதுவுடைமையாயிற்று. மரபுத்தளப் பாதுகாப்பில் பொறுமையும் தொடர்ச்சியும் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு இது சான்றாகும்.

3. மீட்டுருவாக்கத்தின் சான்றுகள்

முழு அளவிலான மீட்டெழுப்பும் பணி 1996இல் தொடங்கியது. 2000, 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் முறையே ஐந்து, ஐந்து, ஆறு என மொத்தம் 16 கட்டமைப்புகள் நிறைவுற்றன. கபிதான் மாளிகை, துணைத் தலைவர் இல்லம், எழுத்தர் இல்லம், பண்டகசாலைகள், சமையற்கூடம், செப்புக் கிடங்கு, நீர்வாயில் ஆகியவை அவற்றுட் சில.

பல காலப் படிவங்களைக் கொண்ட இடத்தில் எக்காலத்தை மீட்பது என்பதே முதல் வினா. 1798இல் நிகழ்ந்த பெருந்தீயில் தீவின் பெரும்பகுதி எரிந்தது. கபிதான் மாளிகை 1809இல்தான் மீண்டும் கட்டப்பட்டது. இவ்வாறு புதுப்பிக்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கநிலையே மீட்டுருவாக்கத்துக்குரிய காலமாகக் கொள்ளப்பட்டது. அக்காலத்துக்குச் சான்றுகள் மிகுதியாகக் கிடைப்பதே இத்தேர்வின் அடிப்படை. அச்சான்றுகளை நான்கு வகைப்படுத்தலாம்.

முதலாவது, அகழாய்வு. கட்டடங்களின் அடித்தளக் கற்களும் கரைச்சுவர்களும் மண்ணடுக்குகளிலிருந்து வெளிக்கொணரப்பட்டன. ஐரோப்பியக் களிமண் புகைக்குழாய்கள், மதுப்புட்டில்கள், ஹிசென் பகுதியில் வனைந்த பீங்கான்கள், விலங்கெலும்புகள் முதலியன கிடைத்தன. தெற்குக் கரைச்சுவரின் கல்வரிசையைப் பார்வையாளர் இன்று நேரில் காணலாம்.

இரண்டாவது, மாதிரியுரு. 1817 முதல் 1823 வரை தலைமை வணிகராயிருந்த யான் காக் பிளோம்ஹாஃப், தீவின் கட்டடங்களை நாகசாகிக் கைவினைஞரைக் கொண்டு சிறிய அளவில் செய்வித்து நெதர்லாந்துக்குக் கொண்டுசென்றார். லைடன் நகர அருங்காட்சியகத்தில் உள்ள அம்மாதிரியுரு, சாளரம், படிக்கட்டு, கூரை முதலியவற்றின் நுணுக்கங்களைக் காட்டுகிறது. தன் காலத்தில் நினைவுப்பொருளாகச் செய்யப்பட்ட ஒன்று, இரு நூற்றாண்டு கழிந்து கட்டட வரைபடத்துக்கு நிகரான சான்றாயிற்று.

மூன்றாவது, ஓவியம். கவஹாரா கெய்கா முதலிய நாகசாகி ஓவியர்கள் தீவின் தோற்றத்தையும் உள்வாழ்வையும் வரைந்துள்ளனர். கெய்காவின் ஓவியத்தை அடிப்படையாகக் கொண்டு 1976இல் செய்யப்பட்ட பதினைந்தில் ஒரு பங்கு அளவுடைய மாதிரி, இத்தளத்தில் காட்சிக்கு உள்ளது.

நான்காவது, எழுத்தாவணம். தலைமை வணிகர்கள் முறையாக எழுதிவந்த நாட்குறிப்புகள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எங்கெல்பர்ட் கெம்ஃபர், கார்ல் பீட்டர் துன்பெர்க், பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் ஆகிய தெஜிமா மருத்துவர்கள் ஜப்பான் குறித்து எழுதிய நூல்களும் துணைபுரிகின்றன.

இந்நான்கும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வகையில் பயன்படுத்தப்பட்டுள்ளன. மண்ணிலுள்ள அடித்தளம் நீள அகலத்தைத் தருகிறது. மாதிரியுரு உயரத்தைத் தருகிறது. ஓவியம் வண்ணத்தையும் பயன்பாட்டையும் தருகிறது. ஆவணம் காலத்தை உறுதிசெய்கிறது. கபிதான் மாளிகையில் பாய்த்தளத்தின்மேல் ஐரோப்பிய மேசை நாற்காலிகள் இடப்பட்டிருப்பதும், சுவர்களில் ஜப்பானிய வண்ணத்தாள் ஒட்டப்பட்டிருப்பதும் அங்கு நிலவிய கலப்பு வாழ்வைத் தெளிவுறுத்துகின்றன.

4. கோட்பாட்டுச் சிக்கல்

அழிந்த கட்டடத்தை மீண்டும் கட்டுதல் முறையாகுமா என்பது மரபுப் பாதுகாப்பியலின் நெடுங்கால விவாதம். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சிதறிக்கிடக்கும் மூலப்பகுதிகளை மீண்டும் பொருத்துதலை மட்டுமே ஏற்று, புதிதாகக் கட்டியெழுப்புதலை விலக்குகிறது. மூலப்பொருளில் உள்ளதே உண்மைத்தன்மை என்னும் கொள்கை அதன் அடிப்படை. 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், உண்மைத்தன்மையைப் பண்பாட்டுச் சூழலுக்கேற்ப மதிப்பிட வேண்டும் என்றும், வடிவம், பயன்பாடு, மரபு நுட்பம், இருப்பிடம் முதலியவற்றையும் கருத வேண்டும் என்றும் விரிவுபடுத்தியது. மரக்கட்டடங்களைக் காலந்தோறும் புதுப்பிக்கும் மரபுடைய நாட்டிற்கு இவ்விரிவு பொருத்தமுடையது.

தெஜிமாவின் கட்டடங்களை வெனிஸ் சாசனத்தின் அளவுகோலால் மட்டும் அளந்தால், அவை புதியனவே. மரபுத் தச்சு நுட்பத்தாலும், மூல இருப்பிடத்தாலும், சான்றின் செறிவாலும் அளந்தால், அவற்றுக்கு ஆய்வு மதிப்பு உண்டு. இவ்விரு நோக்குகளுக்கும் இடையே நின்று மதிப்பிட உதவுவது வெளிப்படைத்தன்மை என்னும் அளவுகோலாகும். எது மூலம், எது மீட்டுருவாக்கம், எச்சான்றால் மீட்கப்பட்டது என்பதைப் பார்வையாளர் அறிய இயலுமாயின், புதுக்கட்டடம் ஓர் ஆய்வுக் கருதுகோளாகிறது. அறிய இயலாதாயின் அது வெறும் அரங்கப் பின்னணியாகிவிடுகிறது.

இவ்வகையில் இரு செய்திகள் போற்றத்தக்கன. ஒன்று, மீட்புக்குரிய காலத்துக்குப் பிற்பட்டவை என்னும் காரணத்தால் பழைய கட்டடங்கள் யாவும் நீக்கப்படவில்லை. 1878இல் எழுந்த புராட்டஸ்டண்டு இறையியல் பள்ளிக் கட்டடமும், 1903இல் எழுந்த நாகசாகி உள்நாட்டார் வெளிநாட்டார் மன்றக் கட்டடமும் தளத்திலேயே நிற்கின்றன. தீவின் கதை 1859இல் நின்றுவிடவில்லை என்பதை அவை உணர்த்துகின்றன.

மற்றொன்று, 2017 நவம்பரில் திறக்கப்பட்ட முன்வாயில் பாலம். ஆறு அகலப்படுத்தப்பட்டுவிட்டதால் பழைய சிறுபாலத்தை அவ்வாறே கட்ட இயலவில்லை. எனவே பழமையைப் போலச் செய்யாமல், தற்கால எஃகுப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் சுமை பெரிதும் நகரக் கரையிலேயே தாங்கப்படுவதால், தீவின் தொன்மையான கரைச்சுவர் நெருக்கப்படவில்லை. சான்று இருந்த இடத்தில் மீட்டுருவாக்கமும், சூழல் மாறிய இடத்தில் புத்தாக்கமும் மேற்கொண்ட இந்நேர்மை பின்பற்றத்தக்கது. இனி நான்கு புறமும் நீர் சூழச்செய்து விசிறி வடிவை முழுமையாக மீட்பது நகராட்சியின் நீண்டகால நோக்கமாகும். கட்டடம் மட்டும் தீவாகாது, நீரும் வேண்டும் என்பதை அந்நோக்கம் ஏற்றுக்கொள்கிறது.

5. ‘ஒரே சாளரம்’ என்னும் கூற்று

தெஜிமாவை ‘மூடிய ஜப்பானின் ஒரே சாளரம்’ என்று குறிப்பிடுவது நெடுநாள் வழக்கு. 1774இல் சுகிதா கென்பாக்கு முதலியோர் டச்சுமொழி உடற்கூற்று நூலை மொழிபெயர்த்து வெளியிட்டமை போன்ற அறிவியல் நிகழ்வுகள் இக்கூற்றுக்கு வலுவூட்டின. ஐரோப்பிய அறிவைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மையே. வணிகத்தைப் பொறுத்தவரை இதனைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அக்கால ஜப்பானுக்கு நான்கு வாயில்கள் இருந்தன என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் கருத்து. கொரியாவுக்குத் சுஷிமாவும், ரியூக்யூவுக்குச் சத்சுமாவும், வடபுலத்து ஐனு மக்களுக்கு மத்சுமாயேயும், சீனருக்கும் ஒல்லாந்தருக்கும் நாகசாகியும் வாயில்களாயின. நாகசாகியிலேயே சீன வணிகம் ஒல்லாந்தர் வணிகத்தைவிடப் பெரிது. 1715ஆம் ஆண்டின் வணிக ஒழுங்காணை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாணை சீனருக்கு ஆண்டுக்கு 30 கப்பல்களும் 6,000 கான் வெள்ளி மதிப்புள்ள வணிகமும், ஒல்லாந்தருக்கு 2 கப்பல்களும் 3,000 கான் மதிப்புள்ள வணிகமும் என வரையறுத்தது. சீனருக்கென 1689இல் தனிக் குடியிருப்பும், அவர்தம் சரக்குக்கென 1702இல் மற்றொரு செயற்கைத் தீவும் அமைக்கப்பட்டன. அத்தீவும் பின்னர் நிலத்தோடு இணைந்து, இன்று நகரின் சீனக் கடைவீதியாக உயிர்ப்புடன் இயங்குகிறது. ஒரே நகரில் ஒரே காரணத்துக்காக எழுந்த இரு தீவுகளுள் ஒன்று அருங்காட்சியகமாயிற்று. மற்றொன்று வாழும் தெருவாயிற்று. எதனை மரபு என்று தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

6. செம்பும் துணியும்: சோழமண்டலத் தொடர்பு

தெஜிமாவின் பண்டகசாலைகள் வழியே வந்த சரக்குகளுள் 17ஆம் நூற்றாண்டில் பட்டு நூலும், 18ஆம் நூற்றாண்டில் சர்க்கரையும் முதன்மை பெற்றன. சோழமண்டலப் பருத்தித் துணி அளவில் அவற்றுக்கு அடுத்த நிலையிலேயே வைத்தெண்ணத்தக்கது. ஆயினும் கம்பெனியின் ஆசிய வணிக வலையை நோக்கும்போது, தெஜிமாவும் சோழமண்டலக் கரையும் ஒன்றுக்கொன்று தேவையானவை என்பது புலப்படும்.

கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் காலூன்றி, 1613இல் அங்குக் கெல்டிரியாக் கோட்டையை அமைத்தது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. தமிழ் தெலுங்கு நெசவாளர் நெய்த துணிகள் தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக விற்கப்பட்டன. அத்துணிகளை வாங்கப் பொன்னும் வெள்ளியும் செம்பும் வேண்டியிருந்தன. அவற்றின் ஊற்றுகளுள் ஒன்று ஜப்பான். 1668இல் ஜப்பானிய அரசு வெள்ளி ஏற்றுமதியைத் தடைசெய்த பின், கோபான் என்னும் பொற்காசும் செம்பும் முதன்மை பெற்றன. ஒசாகாவில் தூய்மை செய்யப்பட்ட செம்பு, சிறு தண்டுகளாக வார்க்கப்பட்டு, 100 கின் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ 60 கிலோ கிராம் கொண்ட பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தெஜிமாவை அடைந்தது. சோழமண்டலக் கரை அச்செம்பின் சந்தைகளுள் ஒன்றாகும். இங்கு அது காசாகவும் பாத்திரமாகவும் உருமாறியது. கம்பெனியின் நாகப்பட்டினச் செப்புக்காசுகளில் அவ்வூர்ப்பெயர் தமிழெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளமை நாணயவியலார் அறிந்ததே. இக்காசுகளின் உலோகத்தை ஈயத் தனிம ஓரிடத்தான் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, ஜப்பானியச் சுரங்கக் கனிமத்தோடு ஒப்பிடுதல் பயனுள்ள ஆய்வாக அமையும்.

எதிர்த்திசையில் ஜப்பானுக்குச் சென்றவை துணிகளும், வாட்பிடியில் சுற்றப் பயன்பட்ட திருக்கைத் தோல் முதலியவையும் ஆகும். துணிகளின் பெயர்கள் மொழியாய்வாளர் கருதத்தக்கவை. வரியிட்ட பருத்தித் துணி ஒன்று ஜப்பானில் ‘சந்தொமே’ என வழங்கியது. மயிலாப்பூரைப் போர்த்துக்கீசியர் அழைத்த ‘சாந்தோம்’ என்னும் பெயரே அது. பின்னாளில் ஜப்பானியரே அதனைப் பின்பற்றி நெய்யத் தொடங்கியபோது, இறக்குமதித் துணியைப் பிரித்துக்காட்ட ‘தோசந்தொமே’ என்றனர். அது சுருங்கித் ‘தோசன்’ ஆயிற்று. வரியைக் குறிக்கும் ‘ஷிமா’ என்னும் ஜப்பானியச் சொல், ‘தீவுகளிலிருந்து வந்த பொருள்’ என்னும் பொருளிலிருந்து பிறந்தது என்று பொதுவாக விளக்குவர். தெஜிமா என்னும் பெயரின் ஈற்றிலுள்ள சொல்லும் தீவைக் குறிக்கும் அதே ‘ஷிமா’வே.

வண்ணம் தீட்டிய சீட்டித்துணிகள் ‘சரசா’ எனப்பட்டன. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் கொண்ட இத்துணிகளைத் தேநீர்ச் சடங்கு வல்லுநரும் செல்வரும் சிறு துண்டுகளாகவும் போற்றிக் காத்தனர். 1785இல் வெளிவந்த ‘சரசா ஸுஃபு’ போன்ற மாதிரி நூல்கள் அவற்றின் உருவமைதிகளைத் தொகுத்தன. ஹிகோனே நகர ஈயி குடும்பத்தார் தொகுத்த ஏறத்தாழ 450 துண்டுகள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. உற்பத்தி செய்த நிலத்தின் வெப்பமும் ஈரமும் அழித்துவிட்ட துணிகளை, வாங்கிய நிலம் காத்து வைத்துள்ளது. தமிழகக் கரையின் நெசவு, சாய வரலாற்றை எழுதுவோர் இவற்றைப் புறக்கணித்தல் இயலாது.

7. நீர்வாயிலுக்கு அப்பால்

இங்குத்தான் தீவு அருங்காட்சியகத்தின் இயல்பான எல்லை தெரிகிறது. அகழாய்வு, மாதிரியுரு, ஓவியம், நாட்குறிப்பு ஆகிய நான்கும் தீவுக்குள் நிகழ்ந்தவற்றையே பேசுகின்றன. தலைவர் எங்கு உறங்கினார், எவ்வறையில் சர்க்கரை இருந்தது என்பவற்றை அவை நுணுக்கமாகக் கூறும். நெசவாளர் பெற்ற கூலி யாது, சாயவேர் அகழ்ந்தோர் யார், செம்புச் சுரங்கத்தில் உழைத்தோர் நிலை யாது என்பவற்றை அவை கூறா. சான்று செறிந்த இடத்தில் காட்சியும் செறியும். சான்று இல்லாத இடத்தில் மௌனம் நிலவும். மீட்டுருவாக்கம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அவ்வளவுக்கு அம்மௌனம் கவனிக்கப்படாது போகும் அபாயமும் உண்டு.

தீவுக்குள்ளேயும் இம்மௌனம் நிலவுகிறது. ஒல்லாந்தருக்கு ஏவல் செய்ய ஆசியாவின் பிற பகுதிகளைச் சேர்ந்த அடிமைகள் பத்தாவியா வழியே கொண்டுவரப்பட்டனர். நாகசாகி ஓவியங்களில் குடை பிடிப்போராகவும் உணவு பரிமாறுவோராகவும் அவர்களைக் காண்கிறோம். ஆனால் அவர்களுடைய குரல் எதுவும் ஆவணங்களில் இல்லை. பழவேற்காடு பத்தாவியாவுக்கு அடிமைகளை அனுப்பிய துறைகளுள் ஒன்று என்பதை நினைவுகூர்ந்தால், இது நமக்கும் உரிய வினா என்பது புலனாகும்.

இம்மௌனத்தைப் போக்கத் தெஜிமாவால் தனித்து இயலாது. கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவை ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன் ஆகிய நகரங்களோடு சென்னையிலும் காக்கப்படுகின்றன. தெஜிமாவின் சரக்குப் பட்டியலையும் சோழமண்டலக் கொள்முதல் குறிப்பையும் இணைத்துப் படிக்கும்போதுதான் ஒரு துணிக்கட்டின் பயணம் முழுமையாகத் தெரியும். இதற்கு டச்சுமொழிப் பயிற்சி பெற்ற தமிழாய்வாளர் வேண்டும். தமிழ் நெசவுச் சொற்களை விளக்கவல்லோரின் துணை ஒல்லாந்து, ஜப்பானிய ஆய்வாளருக்கும் வேண்டும்.

மறுமுனையாகிய பழவேற்காட்டின் நிலையும் எண்ணத்தக்கது. கடலுக்கும் காயலுக்கும் இடையே அமைந்த அவ்வூரில், தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் செதுக்குவேலை மிக்க கற்களுடன் நிற்கிறது. கெல்டிரியாக் கோட்டையோ புதர் மண்டிய மேடாக உள்ளது. தெஜிமாவைப் போல அதனை மீட்டெழுப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அத்தகைய சான்றுச் செறிவின்றி எழுப்பப்படுவது கற்பனையாகவே முடியும். முறையான அகழாய்வு, நில அளவை, ஆவணத் தொகுப்பு ஆகியவையே முதற்பணி. காயலைச் சார்ந்து வாழும் மீனவரின் நீர்விளிம்பைக் காத்தலும் அப்பணியின் பகுதியாதல் வேண்டும். நீர்விளிம்பை இழந்த பின் அதனை மீட்க ஒரு நூற்றாண்டு தேவைப்படுகிறது என்பதே தெஜிமா கற்பிக்கும் பாடம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தெஜிமாவின் மீட்டுருவாக்கம், ஒன்றையொன்று சரிபார்க்கும் நால்வகைச் சான்றுகளின்மேல் எழுந்தது. எக்காலத்தை மீட்பது என்னும் தேர்வைச் சான்றின் செறிவைக் கொண்டு முடிவு செய்ததும், பிற்காலக் கட்டடங்களை நீக்காது காத்ததும், சூழல் மாறிய இடத்தில் போலிப் பழமையைத் தவிர்த்ததும் அதன் சிறப்புகளாகும்.

தீவு வணிகத் தளத்தின் பொருள் கட்டடத்தில் மட்டும் இல்லை; அதனைச் சூழ்ந்த நீரிலும் உள்ளது. ஆதலின் நீர்விளிம்பைக் காத்தல் கட்டடத்தைக் காத்தலுக்கு முற்பட்ட கடமையாகும்.

வணிகத் தளத்தின் வரலாறு இரு முனைகளைக் கொண்டது. வாங்கிய முனை அருங்காட்சியகமாகி, ஆக்கிய முனை புதர் மூடிக் கிடக்குமாயின், பண்டம் நினைவில் நிற்கும்; அதனை ஆக்கியோர் மறக்கப்படுவர். சாந்தோமின் பெயர் ஜப்பானிய நெசவுச் சொல்லாக இன்றும் வழங்குகிறது. அப்பெயருக்குப் பின்னால் நின்ற தறிகளையும் சாயத்தொட்டிகளையும் சென்னையிலுள்ள ஆவணங்களிலிருந்தும் தமிழகக் கரையின் மண்ணிலிருந்தும் வெளிக்கொணர்தல் தமிழாய்வுலகம் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.